தரையில் பிறந்த பிள்ளை

அடிலெய்டு துறைமுகம்,
பிப்ரவரி 1859

மதிப்பிற்குரிய மச்சான் ஓபதியா அவர்களுக்கு,

உங்கள் தங்கை கெசையாவின் கணவன் ஜேபஸ் பணிவுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூவரும் நலம். கார்ன்வாலில் நீங்களும் உங்கள் பன்றிகளும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். மூவர் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஆண்பிள்ளை. தரையில் பிறந்தான்.

இந்தத் தரைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடலில் பிறக்கும் பிள்ளைக்குக் கப்பலின் பெயரை வைப்பதுதான் வழக்கம், மாலுமிகள் விடமாட்டார்கள். நானோ பிள்ளைக்கு உங்கள் பெயரைத்தான் வைப்பேன் என்று பைபிள்மேல் கைவைத்து உங்களிடம் சொல்லிவிட்டு வந்தவன். கப்பலின் பெயர் 'தென்புயல்'. தென்புயல் ட்ரெகென்ஸா என்று ஒருவன் நம் சபையில் எழுந்து நின்றால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? பிள்ளை பிறக்குமுன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று இத்தனை வேகமான கப்பலைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவரும் நீங்களே. அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வேகம் என்றால் அப்படியொரு வேகம். தென்கடல் காற்று பிடித்ததும் கப்பல் ஒருக்களித்துப் படுத்தபடியே ஓடியது, எங்கள் பெட்டி உருண்டுபோய் அடுத்த குடும்பத்தின் கட்டிலுக்கடியில் குடியேறியது, ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒவ்வொரு குடும்பமும் துணிப்பையில் கட்டிச் சமையற்காரனிடம் கொடுத்திருந்த புட்டிங் எல்லாம் அவிழ்ந்து ஒரே களியாகி, யார் வீட்டுத் திராட்சை யார் வாயில் போகிறது என்று பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் பயணிகள் கூடி, வேகம் தணியக் கப்பலின் காற்றுப்பாய்களைக் குறைக்கச் சொல்லிக் கப்பல் தலைவரிடம் முறையிடத் தீர்மானித்தார்கள். பிரசங்கம் செய்து பழகிய குரல் ஆயிற்றே என்று என்னையே அனுப்பினார்கள். நானும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றேன்.

"ஐயா, இருக்கிற பாய் பத்தாதுங்க. இன்னொண்ணு ஏத்துங்க. என் பொண்டாட்டிக்கு மாசம் நெருங்கிருச்சு."

கப்பல் தலைவர் ராட்டரி தம் வாழ்நாளில் இப்படியொரு முறையீட்டைக் கேட்டதில்லையாம். மனம் குளிர்ந்து உடனே ஏற்றிவிட்டார்.

அதற்குப் பின் என்னோடு யாரும் பேசவில்லை. ஆனால் துறைமுகம் கண்ணில் பட்டு, கெசையாவுக்கு வலி எடுத்தபோது, அந்த ஜனங்களேதான் அவளை நாற்காலியோடு தூக்கிப் படகில் இறக்கினார்கள். முன்பின் தெரியாத ரொட்டிக்காரர் ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். மாவு மூட்டைகளுக்கு நடுவே பிள்ளை பிறந்தான். நான் தெருவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். இத்தனை பேர் தயவில் பிறந்த பிள்ளை இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கப்போகிறது?

ஆண்டவருக்கும், அடுத்தபடியாக உங்களுக்கும் கோடி நன்றி. உங்கள் பெயர் இந்தப் புது நாட்டில் தழைக்கட்டும்.

உங்கள் நன்றியுள்ள,
ஜேபஸ் ட்ரெகென்ஸா

பின்குறிப்பு: இப்போதுதான் ஞானஸ்நானம் முடிந்து வந்தோம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று போதகர் கேட்டதும், நான் வாயைத் திறக்குமுன் கெசையா முந்திக்கொண்டாள். "எங்கண்ணன் கரையில நின்னு கைக்குட்டைதான் ஆட்டினாரு. என்னையும் பிள்ளையையும் சுமந்துட்டு வந்தது அந்தக் கப்பல்" என்றாள். பிள்ளையின் பெயர் தென்புயல். உங்கள் பெயரையும் வீணாக்கவில்லை, பாலுக்கு வாங்கிய ஆட்டுக்கு வைத்திருக்கிறோம். நல்ல ஆடு, கூப்பிட்டால் வருகிறது.