மொட்டைமாடியில் பாதி வெயில் காய்ந்த சோபா

என் மதிப்புக்குரிய அண்ணனுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும், வெளியூரில் மகளும் நலம். சோபா மட்டும் நலமில்லை. நீங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் குடும்பத்தில் ஒரு விஞ்ஞானி உருவாகிவிட்டாள்.

கோடை தொடங்கும்போது, ரசாயன ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தாள். வந்தவள் கூடத்துத் தூசியை எல்லாம் கூட்டிக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். அவள் சோபாவைக் காட்டி, "இந்தத் துணிக்குப் பின்னாடி தீப்பிடிக்காம இருக்க ஒரு மருந்து தடவியிருக்காங்கப்பா, புரோமின் சேர்ந்தது. தீ ஒரு நாளும் வரல. அது மட்டும் தூசியோட தூசியா வந்துட்டே இருக்கு" என்றாள். "அதுக்கு அழிவே கிடையாதா?" என்று அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது கேட்டேன். "சுலபத்துல போகாது. மண்ணுல, ஆத்துச் சேத்துல எல்லாம் வருஷக்கணக்கா கிடக்கும். வெயில் பட்டா உடையும்" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். உங்களுக்கே தெரியும், வேலை பார்த்த காலமெல்லாம் நான் டிரில் மாஸ்டர். எப்பேர்ப்பட்ட முரடனையும் வெயிலில் நிறுத்தித்தான் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சோபா எம்மாத்திரம் என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மாடிக்கு ஏற்றினேன். அது படிக்கட்டுத் திருப்பத்தில் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் மாட்டிக்கொண்டது. மாடி வீட்டுக்காரர் அதன்மேல் ஏறி இறங்கித்தான் ஆபீஸ் போனார், அதுவும் செருப்போடு. கடைசியில் சோபாவின் ஒரு காலைக் கழற்றி, சுவரைக் கொஞ்சம் பெயர்த்து மேலே சேர்த்தால், பின்னாலேயே என் மனைவி தார்ப்பாயோடு வந்து நிற்கிறாள். "என் சோபா நிறம் போயிடும்" என்கிறாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை. முடிவில், "பாதி உங்க வெயிலுக்கு, பாதி எனக்கு" என்று இடதுபக்கத்தைத் தார்ப்பாயால் இறுகக் கட்டிவிட்டு இறங்கிப் போனாள். கோடை முழுவதும் அதற்குமேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை. வேறு எதைப் பற்றியும் பேச்சில்லை.

மறுபடி மகள் வந்ததும் பெருமையாக மாடிக்கு அழைத்துப் போனேன். பார்த்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "உடையும்னுதானேப்பா சொன்னேன், ஒழியும்னு சொல்லலையே. அது பத்துப் புரோமின் ஒட்டிக்கிட்டிருக்கிற பெரிய உரு. வெயில் பட்டா ஒண்ணொண்ணா கழண்டு சின்னதாகும். பெருசு உடம்புக்குள்ள போகத் திணறும், சின்னது சுலபமா போய்க் கொழுப்புல தங்கிடும். நீங்க தடியனை விரட்டுறேன்னு பொடியன்களைப் பெத்து விட்டிருக்கீங்க" என்றாள். அவள் முகம் வாடியதற்கு வேறு காரணமும் இருந்தது, பிறகுதான் தெரிந்தது. இதையேதான் அவள் ஆய்வுக்கூட விளக்கில் வைத்து நிரூபித்திருந்தாளாம், ஆனால், "விளக்கு வேற, வெயில் வேற. வீட்டுச் சாமான்ல காட்டு" என்று பேராசிரியை திருப்பி அனுப்பிவிட்டாராம். முதலிலிருந்து தொடங்குவதா, படிப்பையே விடுவதா என்று யோசித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் தார்ப்பாய் அவள் கண்ணில் பட்டது. "அம்மா, இதை எப்பக் கட்டினே?" என்றாள். "உங்கப்பா ஏத்தின அன்னைக்கே. அவிழ்க்கவே இல்ல" என்றாள் என் மனைவி. மகள் எழுந்தாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமூடி கட்டி, கையுறை மாட்டி, இரண்டு பக்கத்துத் துணியிலும் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனாள். மூடின பாதியில் பெரியது அப்படியே இருந்ததாம். வெயில் பாதியில் பெரியது குறைந்து சின்னது பெருகியிருந்ததாம். "இவ்வளவு நேர்த்தியா யார் திட்டம் போட்டது?" என்று பேராசிரியை கேட்டாராம். "எங்க அம்மாவும் அப்பாவும் போட்ட சண்டை மேடம்" என்றாளாம்.

போன வாரம் பெரிய அரங்கத்தில் தன் ஆராய்ச்சியைப் பற்றி அவள் பேசினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் நின்ற இடத்திலேயே பதில். திரையில் நம் சோபா, ஆள் உயரத்துக்கு. ஆனால் கீழே "ஒரு வீட்டுச் சோபா" என்று மொட்டையாகப் போட்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன். கேள்வி என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்கள். "அது எங்க வீட்டுது. அவ எங்க பொண்ணு" என்றேன். கை தட்டினார்கள் அண்ணா. என் மனைவி கோடைக்குப் பிறகு முதல்முறையாக என் கையைப் பிடித்தாள்.

அண்ணிக்கு என் வணக்கம். மகளுக்கு உங்கள் ஆசி வேண்டும்; மிச்சம் இருந்தால் எனக்கும்.

இப்படிக்கு,
விஞ்ஞானியின் தகப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை இப்போதுதான் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எந்த வீட்டுலேருந்து எடுத்ததுன்னு வெளியில சொல்லக் கூடாதுப்பா, அது ஆராய்ச்சி விதி. ஒரு அரங்கத்துக்கே சொல்லிட்டீங்க. பெரியப்பாகிட்டயாவது சொல்லாம இருங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே எங்கள் வீட்டில் சோபாவே இருந்ததில்லை. அந்தப் பெண் யாரோ எவரோ. நீங்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம். அண்ணியிடம் மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.