மையை அதன் போக்கில் விட்டது பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. மாத்திரை போட்டால் இறங்குகிற இரத்த அழுத்தம் உட்பட இங்கே நான் சௌக்கியம். அங்கே நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று என் மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். அதையே நம்பி மேலே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம் என்பது முதல் வேண்டுகோள். அவள் என்னைச் சேர்த்துவிட்டிருக்கும் மை ஓவிய வகுப்பை, அவள் மனம் நோகாமல், உங்கள் சொந்த யோசனை போலச் சொல்லி நிறுத்திவிட வேண்டும் என்பது இரண்டாவது.

அவள் அம்மா போய் ஒன்பது மாதமாகிறது. சும்மா இருந்தால் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குக் கவலை. சுவர் எனக்குப் புதிதில்லை. முப்பத்துநான்கு வருஷம் கட்டட வரைபடம் போட்டவன் நான். என் கோடு கொஞ்சம் நகர்ந்தால் யார் வீட்டிலோ குளியலறைக் கதவு திறக்காது. அப்படிப்பட்டவனை நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கிற வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் நாள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆசிரியையாக இருக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அவள் ஸ்கேலை மெதுவாக எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பதிலுக்கு ஒரு மரக்குச்சியும் பழைய பல் துலக்கும் பிரஷும் ஒரு ஸ்ட்ராவும் கொடுத்தாள். “எதையும் வரையணும்னு நினைக்காதீங்க சார். மையை அது போக்குல விடுங்க, மனசுல இருக்கிறது தானா வரும்” என்றாள். காகிதத்தை நனைத்து, ஒரு சொட்டு மை விட்டு, ஸ்ட்ராவால் ஊத வேண்டுமாம். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. மூச்சைப் பிடித்து ஊதினேன். மை காகிதத்தைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, எதிரே இருந்த பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. அவர் பெரிய மனுஷர், கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். மறுவாரம் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். இப்போது என் எதிரே யாரும் உட்காருவதில்லை. வீட்டிலும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு உணர்ச்சியைத் தீட்டச் சொன்னாள் ஆசிரியை. எந்த உணர்ச்சி, என்ன அளவில் என்று கேட்டேன். உங்களுக்குத் தோன்றுவதை என்றாள். எனக்குத் தோன்றியது எங்கள் வீட்டின் வரைபடம். ஸ்கேல் இல்லாததால் சமையலறைச் சுவர் கோணலாகப் போனாலும் மொத்தத்தில் குடியிருக்கத் தகுந்த வீடு. வந்து பார்த்தாள், ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள், கையிலிருந்த பாட்டிலால் தண்ணீரைப் புஸ்புஸ்ஸென்று அடித்தாள். சுவரெல்லாம் கரைந்து, அறைக்குள் அறை புகுந்து, வாசற்படி எங்கே என்றே தெரியவில்லை. இப்போதுதான் உயிர் வந்திருக்கிறதாம்.

அடுத்தது வீட்டுப் பயிற்சி. ஈரப் படங்களைப் படுக்கவைத்துத்தான் காயவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் இடமில்லை, ஒரு தட்டுக்கு அவ்வளவு மேஜை எதற்கு என்று பழைய செய்தித்தாள்களை அடுக்கிவைத்திருக்கிறேன். ஆகவே குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். சரியாக வராததையெல்லாம் கிழித்து அங்கேயே போட்டேன். அது கூழாகி, தண்ணீர் போகும் துளையை அடைத்து, கணுக்கால் வரை கருப்புத் தண்ணீர். பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டே அண்ணாந்து கொடியில் தொங்கிய படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாரு சார் அது, அந்தப் பக்கம் திரும்பி நின்னு பாத்திரம் கழுவுறாங்க?”

யாரும் இல்லை, வெறும் மை என்றேன்.

“நல்லாப் பாருங்க சார். ஒரு காலை மட்டும் ஊனி நிக்கிறாங்க பாருங்க.”

பார்த்தேன். மாப்பிள்ளை, அவள்தான், உங்கள் மாமியார். இடது முழங்கால் வலி வந்த பிறகு அப்படித்தான் நிற்பாள், பாரத்தையெல்லாம் வலது காலில் போட்டு. வீட்டில் இருக்கிற போட்டோ எல்லாவற்றிலும் யாரோ சிரிக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். முதுகைப் போட்டோ எடுக்க யாருக்குத் தோன்றும்? கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலை பிடிக்காமல்தான் முறைக்கிறேன் என்று நினைத்து, பாவம் அந்த மனுஷர் இரண்டாவது தடவையும் குடைந்துவிட்டுப் போனார்.

ஆனால் தொங்கவிட்டது தொங்கவிட்டதுதானே. ஈரத்தில் மை இறங்கிக்கொண்டே இருந்தது. நான் எடுத்துப் படுக்கவைப்பதற்குள் தோள் இடுப்புக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பார்த்தால் வெறும் கறை. அன்றிலிருந்து நாலு நாளாக உட்கார்ந்து நாற்பத்தொரு தாள் போட்டுவிட்டேன். ஒன்றில் கரடி வந்தது, ஒன்றில் கெட்டில் வந்தது, ஒன்று நான் வேலை பார்த்த ஆபீஸ் மேனேஜர் மாதிரியே இருக்கிறது. அவள் மட்டும் வரவில்லை. நினைக்காமல் விட்டால்தான் வரும் என்கிறாள் அந்தப் பெண். நினைக்காமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அதை அவளும் சொல்லித்தரவில்லை. ஆகையால் இது எனக்கு ஒத்துவராது, தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

உங்கள் உத்தியோகம் உயரவும், நீங்கள் இருவரும் தினமும் ஒரு சின்னச் சண்டையாவது போட்டு அன்றைக்கே சமாதானம் ஆகவும் ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் என் மகள் போன் செய்தாள். உங்களிடம் ரகசியம் என்று எழுதியதையெல்லாம் நானே அவளிடம் உளறிவிட்டேன். அவள் வகுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பாத்திரம் கழுவும்போது அம்மா தோள்ல ஒரு துண்டு கிடக்குமே, அது இருந்துச்சாப்பா?” என்றாள். நான் துண்டையே மறந்துபோயிருக்கிறேன். எந்தத் தோள் என்று கேட்டேன். அதற்கு அவள், வெள்ளிக்கிழமை வருகிறேன், சனிக்கிழமை வகுப்புக்கு நானும் வருகிறேன் என்றாள். ஆகவே மேலே கண்ட எதையும் செய்ய வேண்டாம். எழுதியதை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டால் போதும். எந்தப் பஸ் என்று தெரிவிக்கத் தேவையில்லை. நான் காலையிலிருந்தே ஸ்டாண்டில்தான் நிற்பேன், எல்லாப் பஸ்ஸையும் பார்த்துக்கொள்கிறேன்.