மூன்றா, எட்டா?

தாம்பரத்தில் கடவுளை நம்பாதவர்கள் நிறையப் பேர் உண்டு. நம்பர் பிளேட்டை நம்பாத ஒரே மனிதர் சேஸிஸ் சார்தான்.

எண்பதுகளில் நான் குமாஸ்தாவாகத் தேய்ந்துகொண்டிருந்த இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவர் வண்டிகளைச் சோதித்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர். "பிளேட் பெயிண்டர் எழுதறது. சேஸிஸ் நம்பர் பிறக்கும்போதே இரும்புல அடிச்சது" என்பார். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறந்து, அந்த எண்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார். பாலிசியோடு ஓர் இலக்கம் பிசகினாலும் கிளெய்ம் காலி. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை காரின் பானெட்டைத் திறப்பார். அதனால் அவரை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை.

பொழிச்சலூரில் தனி வீடு. மனைவி போனபின் அவருக்கு மிஞ்சியது ஒரு பழைய ஃபியட். அதுவும் ஒருநாள் திருடு போனது.

சில மாதம் கழித்து, படப்பைப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ஃபியட் ஒன்று நிற்பதாகத் தகவல். துணைக்கு என்னை அழைத்தார். ஆபீசில் வேலையில்லாதவன் நான்தான் என்பது அவர் மதிப்பீடு. சரியான மதிப்பீடு.

வெள்ளை வண்டி பச்சையாகியிருந்தது. பிளேட் வேறு. திருடன் சேஸிஸ் எண்ணையும் அரத்தால் ராவத் தொடங்கி, கடைசி இலக்கத்தை மட்டும் தேய்த்ததோடு சலித்துவிட்டான் போலும். பாலிசியில் அது எட்டு. இரும்பில் மூன்றா, எட்டா? சார் தாள் தாளாகத் தேய்த்தார்.

"இன்னா சார், உன் வூட்டு வண்டி உனக்கே தெரியலியா?" என்றார் கான்ஸ்டபிள்.

"தெரியுதுப்பா. அந்த சீட் கிழிசல் என் சம்சாரம் தைச்சது."

"அப்பால இன்னா? எட்டுன்னு எழுதிட்டு ஓட்டிகினு போ சார். பேஜார் பண்ணாதே."

"மூணா இருந்தா?"

நான் கிசுகிசுத்தேன்: "எட்டுன்னே போடுங்க சார். யாருக்கு நஷ்டம்?"

"எத்தனை பேருக்கு இதே மாதிரி ஒரு நம்பருக்காகக் கிளெய்ம் இல்லேன்னு எழுதியிருக்கேன்! எனக்கு மட்டும் எட்டா?" பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். எழுதவில்லை.

ஆக, எண் உறுதியாகாததால் கம்பெனியைப் பொறுத்தவரை அந்த வண்டி கிடைக்கவும் இல்லை, தொலையவும் இல்லை. ஸ்டேஷன் வேப்பமரத்தடியிலேயே நின்றது.

ஞாயிறுதோறும் சார் பஸ் பிடித்து அங்கே போவது பிறகுதான் தெரிந்தது. ஒரு ஞாயிறு நானும் போனேன். டயர்கள் தரையோடு சப்பிக் கிடந்த வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எட்டி மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க. சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போயிட்டு வரலாம்."

ஏறினேன். பொழுது சாயும்வரை போய்க்கொண்டிருந்தோம். அதன்பின் எத்தனையோ கார்களில் போயிருக்கிறேன். அத்தனை தூரம் போனதில்லை.