மூன்று ராஜாவும் விசாரணைக் குழுவும்

எந்த அலுவலகத்திலும் பதவி உயர்வுக்கு ஒரு தகுதி வேண்டும். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அந்தத் தகுதி போக்கர் சீட்டாட்டம் என்று முடிவானது. அதிகாரி ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்த வினை. போக்கர் ஆடினால் முடிவெடுக்கும் திறன் வளருமாம். ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் கோப்புகளை மூடிவிட்டு, எல்லோரும் கூட்ட அறையில் சீட்டோடு உட்கார வேண்டும். பந்தயம் குண்டூசி.

வாராவாரம் அதிகாரிதான் ஜெயித்தார். நல்ல சீட்டு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அவரும், "சீட்டுல என்னப்பா இருக்கு? எல்லாம் முடிவெடுக்கிற திறன்" என்பார்.

அதிகாரியிடம் தோற்க வேண்டும் என்ற இந்த நடைமுறை எனக்கு எங்கே தெரியும்? தலைமை எழுத்தர் நாற்காலி காலியாகக் கிடக்கிறதே என்ற பதற்றத்தில், "ஒரு தடவையாவது ஜெயிச்சுட்டு வாங்க" என்று விரட்டி அனுப்பினேன்.

மனுஷன் ஜெயித்துவிட்டார்.

அதிகாரி தோற்க முடியாதவர் என்பது ஏற்கெனவே நிரூபணமான விஷயம். எனவே மோசடி நடந்திருக்க வேண்டும். உயர்மட்ட விசாரணைக் குழு அமைந்தது. மோசடி உறுதியானால் பதவி உயர்வு கிடக்கட்டும், இருக்கிற வேலையே போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கைக்குள் சீட்டு ஒளியும் என்று முழுக்கைச் சட்டை தடை செய்யப்பட்டது. மூக்குக் கண்ணாடியில் சீட்டு தெரியும் என்று அதையும் கழற்றச் சொன்னார்கள். அதன்பிறகு குழுத் தலைவர் ராணியையும் ராஜா என்றே படித்தார். இருமல், தும்மல் இரண்டும் சைகை என்று அறிவிக்கப்பட்டன. கடைசியில், ஒளிவுமறைவே கூடாதென்று எல்லாச் சீட்டையும் மேசைமேல் விரித்து வைத்தே ஆட உத்தரவானது.

நடத்தைக்குச் சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள்.

"வீட்ல இவர் எப்படிம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"பொய் சொன்னா காது செவந்துடும் சார். அதனால சொல்றதே இல்ல."

"இப்ப செவந்திருக்கே?"

"பயத்துலயும் செவக்கும் சார்."

"காதையும் தடை பண்ணிடலாமா?" என்று குழுவில் இருந்த அலுவலகக் கணக்கர் கேட்டார். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

என் கண்ணெதிரே மறு ஆட்டம் நடந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் மூன்று ராஜா. அதிகாரி முன்னால் ஒரு ஜோடி ரெண்டு. மூன்று ராஜாதான் பெரிது என்பதை முந்தின நாளே வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தேன்.

குழுத் தலைவர் மேசைமேல் குனிந்து பார்த்தார்.

"ஐயா ஜெயிச்சுட்டாரு."

"இதுல என்ன சந்தேகம்?" என்றார் கணக்கர். "ரெண்டு எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கு பாருங்க!"

அதிகாரி கையை உயர்த்தினார். "நம்ம ஆளுங்க சொன்னா போதாது. வெளியாள் ஒருத்தர் சொல்லட்டும். நீங்க சொல்லுங்கம்மா."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் காது சுட்டது.

"உங்க சீட்டுதான் பெருசு சார்."

மோசடிக்கு இடமே இல்லாமல் நடந்த முதல் ஆட்டம் என்று குழு தன் பணியைப் பாராட்டிக்கொண்டு கலைந்தது.

இப்போது என் வீட்டுக்காரர் தலைமை எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் சீட்டு, விரித்து வைத்துத்தான். போன வாரம் என் மகளுக்கு மூன்று ராஜா வந்தது. அவருக்கு ஒரு ஜோடி ரெண்டு. மகள் வாயைத் திறப்பதற்குள் அவள் தொடையைக் கிள்ளினேன்.

"அப்பாதான் ஜெயிச்சாரு" என்றாள்.

அவர் குண்டூசிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சீட்டுல என்னம்மா இருக்கு? எல்லாம் முடிவெடுக்கிற திறன்."

அவர் காதைப் பார்த்தேன். சிவக்கவே இல்லை.