தூசி விழாத கார்

தலைமை எழுத்தர் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரை மேசைமேல் ஓங்கி வைத்தார். பிறகு பிரகடனம் செய்தார்.

"இன்னையிலேருந்து பின்னறைக்குள்ள யாரும் காலடி வைக்கக்கூடாது. நீயும்தான். உன் துடைப்பமும்தான்."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஏங்க, உள்ள என்ன புதையலா?"

"கார். பெயிண்ட் அடிக்கப் போறேன்."

கார் என்றதும் வாசகர்கள் அவசரப்பட்டு மரியாதை கொடுத்துவிட வேண்டாம். அதன் நீளம் ஒரு சாண். நிஜக் காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் கார். கடையில் பெட்டியாக வாங்கலாம். உறுப்புகளெல்லாம் ஒரு சட்டத்தில் மாத்திரை அட்டைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நறுக்கி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, பசை தொட்டு ஒட்ட வேண்டும். பொறுமையுள்ள பிள்ளைகள் செய்வார்கள். பொறுப்பில்லாத பெரியவர்களும் செய்வார்கள்.

இந்த வைராக்கியத்துக்குக் காரணம் சகலை. அதாவது, மனைவியின் தங்கை கணவர். அந்த மனிதர் கருஞ்சிவப்பில் ஒரு நிஜக் கார் வாங்கிவிட்டார். வாங்கியவர் சும்மா இருந்தாரா? விருந்துக்கு வந்த இடத்தில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு வைப்பதுபோல சாவியை வைத்தார். தண்ணீர் கேட்கும்போது அதைக் கிலுக்கினார். தலைமை எழுத்தருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கம்பத்தின்மேல் ஏற்றியவர். மூன்றாம் முறை, கம்பத்தின் நலன் கருதி, அவரை யாரும் கூப்பிடவில்லை.

"அவன் கார் வாங்கினான். நான் காரையே செய்யுறேன்" என்று அன்றைக்குச் சொன்னார். அதே கார். அதே கருஞ்சிவப்பு.

ஆள் விளையாட்டாகச் செய்யவில்லை, அதுதான் வேடிக்கை. எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் தேய்ந்துபோன குத்தூசிகளை இரவல் வாங்கி, கதவிடுக்குகளைச் சுரண்டி ஆழமாக்கினார். மெல்லிய கம்பியை முறுக்கி முன்கண்ணாடிக்குத் துடைப்பான் செய்தார். வெள்ளித்தாளை மயிரிழையாக வெட்டி ஜன்னல் ஓரங்களில் பதித்தார். வேகம் காட்டும் முள்ளுக்கு ஒற்றை முடித் தூரிகையால் வெள்ளை தீட்டினார். போன தடவை மைத்துனி தங்க வந்தபோது அந்தப் பெண் கூடத்துத் தரையில் விரிப்புப் போட்டுப் படுத்து, விடிய விடிய இருமினாள். இவரோ பின்னறைக் கட்டில் முழுக்கக் கடை பரப்பி, எவரும் உட்காரப்போகாத நாலு இருக்கைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழமை என் தங்கச்சியும் அவரும் வர்றாங்க. அந்த ரூம்தான் அவங்களுக்கு. அவ மறுபடியும் தரையில படுத்தா எனக்கு மனசு ஆறாது."

"அதான் சொல்றேனே. பெயிண்ட் காயணும். நடுவுல யாராவது உள்ள போனா தூசி கிளம்பும். ஒரே ஒரு தூசி விழுந்தாலும் போச்சு."

"எத்தனை நாள் காயும்?"

"அவங்க என்னைக்குக் கிளம்புறாங்க?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

"அதுவரைக்கும் காயும்."

இந்த மனிதர் வாழ்நாளில் எதற்கும் கொடி பிடித்தவரல்ல. அலுவலகமே வெளிநடப்புச் செய்த நாளில் சைக்கிள் கொட்டகை வழியாக உள்நடப்புச் செய்தவர். மற்றவர்கள் வெயிலில் நின்று வாங்கிக் கொடுத்த சம்பள உயர்வை முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு வாங்கியவரும் இவரே. அதற்காக இவருக்குக் கொள்கையே கிடையாது என்று சொல்லிவிடக் கூடாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அது எங்கிருந்தோ வந்துவிடும். எதிரே நிற்பவள் மனைவி என்றால் இன்னும் உரக்க வரும்.

மனைவி கடைசி வெங்காயத்தை உரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"சரிங்க" என்றாள்.

பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து பழகியவனாக இருந்தால், அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பான். எதிர்த்தரப்பு இவ்வளவு சுலபமாக இறங்கிவந்தால், எங்கேயோ பள்ளம் வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். தலைமை எழுத்தருக்கு அந்தப் பழக்கம் ஏது? மீசையைத் தடவிக்கொண்டு அலுவலகம் போனார்.

சாயங்காலம் வந்து முதல் பூச்சு அடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்போல நடந்தார். திரும்பப் போய்ப் பார்த்தால், பானெட்டின் நட்டநடுவில் ஒரு தூசி. சகலையே ஏறி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"யாரு உள்ள வந்து பெருக்கினது?"

"நான் துடைப்பத்தைத் தொடவே இல்லைங்க. நீங்கதானே தடை போட்டீங்க?"

"பெருக்கலேன்னா தூசி எப்படி வந்துச்சு?"

"பெருக்காததாலதான்."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் மனைவி. "ஆனா தூசி தரையிலேருந்து மேல ஏறுமா, மேலேருந்து கீழ விழுமா?"

"விழும்."

"அப்ப மேல என்ன இருக்கு?"

அவர் அண்ணாந்தார். மின்விசிறி. அதன் இறக்கைகளின் ஓரத்தில் கறுப்பு ரோமம் வளர்ந்திருந்தது.

"ஸ்டூல் எடுத்துட்டு வரட்டுமா? நானே துடைச்சிடறேன்."

"நீயா? இதையெல்லாம் முறையாப் பண்ணணும். ஈரத்துணியால ஒரே திசையில இழுக்கணும். அங்க இங்க தேய்ச்சா அத்தனையும் கார்மேலதான் விழும்."

"ஓஹோ! அப்படி ஒரு முறை இருக்கா?" என்றாள், கல்யாணமான நாள்முதல் அந்த விசிறியைத் துடைத்துவந்தவள்.

அவர் ஏறினார். துடைத்தார். பெயிண்டைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் இழைத்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி ஒரு தூசி. இந்தத் தடவை கூரையில்.

"திரைச்சீலையா இருக்குமோ?" என்றாள் மனைவி, தனக்குத் தானே பேசுவதுபோல.

திரைச்சீலை இறங்கியது, ஊறியது, துவைபட்டது. அடுத்த பூச்சில் டிக்கியின்மேல் ஒரு நூல். மெத்தையைத் தட்டினார். அதற்கடுத்த பூச்சில் இடது கதவில் ஒரு மணல். பரணில் ஏறினார். கல்யாணத்துக்கு வந்த பரிசுகளையும் ஓடாத கடிகாரங்களையும் இறக்கித் துடைத்து, பரணைக் கழுவிவிட்டு, ஒட்டடையை மீசையில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இத்தனைக்கும் அந்த அம்மாள் ஒரு வேலையும் ஏவவில்லை. ஏவியிருந்தால் அவர் செய்திருப்பாரா? கொள்கை கிளம்பியிருக்கும். அவள் சந்தேகம் மட்டும் கேட்டாள். படித்த ஆணிடம் சந்தேகம் கேட்டால் போதும்; பதில் சொல்லும் ஆசையில் அவன் கிணற்றுக்குள்ளும் இறங்குவான்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"கதவுக்கு அடியில காத்து வருமா, வராதா?"

"வரும். ஒரு விரல் சந்து இருக்கே."

"அப்ப கூடத்துத் தூசியும் வரும்ல?"

கூடம் கழுவப்பட்டது.

"கூடத்துக்குச் சமையலறைப் புகை வருமே?"

சமையலறை ஜன்னல் பிசுக்கு சுரண்டப்பட்டது. பல் டாக்டரின் குத்தூசியால்தான். காரின் கதவிடுக்கைச் சுரண்டிய அதே நுணுக்கத்தோடு.

குளியலறை என்றபோது மட்டும் அவருக்கு லேசாகப் பொறி தட்டியது.

"குளியலறைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?"

"அதானே, ஒரு சம்பந்தமும் இல்லைங்க. நீங்க கை கழுவுறது அங்கதான். அந்தக் கையாலதான் காரைத் தொடுறீங்க. வேற ஒண்ணுமில்ல."

தட்டிய பொறி அணைந்தது. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தாள். ஈரத்துணியோடு அவர் தவழ்ந்து வந்தார்.

"காலைத் தூக்கு."

"தூக்கியாச்சு."

"இன்னொண்ணையும்."

"இதோ. அந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க. அங்கேருந்துதான் பறக்குமோ என்னமோ."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் மாடிப்படியில் மிதியடியை உதறிக்கொண்டிருந்தபோது, பல் டாக்டர் தன் குத்தூசிகளைத் திருப்பிக் கேட்க வந்தார்.

"என்ன சார், வீடு மாத்துறீங்களா?"

"இல்ல டாக்டர். டஸ்ட் கன்ட்ரோல்."

"அப்படின்னா?"

"காருக்காக. தூசி உற்பத்தியாகுற இடத்தையெல்லாம் கண்டுபிடிச்சு, ஒண்ணொண்ணா ஒழிச்சுக்கட்டறேன். சயின்டிஃபிக்கா."

"எங்க வீட்டுல இதை வீடு பெருக்கறதுன்னு சொல்லுவோம்."

"உங்களுக்குப் புரியாது டாக்டர். இது வேற."

"வேறயாவே இருக்கட்டும் சார். கொஞ்சம் சத்தமில்லாம உதறுங்க. என் வீட்டம்மா ஜன்னல்லேருந்து உங்களையே பாத்துட்டிருக்காங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நானும் அந்த வீட்லதான் குடியிருக்கணும்."

குத்தூசிகளை வாங்கிப் பார்த்தார். நுனியில் சமையலறைப் பிசுக்கு. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலையில் கடைசிப் பூச்சு. அதன்மேல் பளபளப்புக்காக நிறமில்லாத வார்னிஷ். காய ஆரம்பித்ததும் டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பானெட், கூரை, டிக்கி, நாலு கதவு. ஒரு தூசி இல்லை. ஒரு நூல் இல்லை. ஒரு மணல் இல்லை.

உண்மையை மறைப்பானேன்? கார் அழகாகத்தான் இருந்தது. மெழுகில் இழைத்ததுபோல ஓர் ஆழமான சிவப்பு. ஜன்னலைச் சுற்றிக் கோடு பிசகாத வெள்ளி. பானெட்டில் அவர் முகம் தெரிந்தது, மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக. இவ்வளவு கவனத்தை இவர் இதற்குமுன் எந்த உயிருள்ள ஜீவன்மேலும் செலுத்தியதில்லை.

மனைவி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க. நிஜமாவே."

"அங்கயே நில்லு! மூச்சை இந்தப் பக்கம் விடாதே."

அந்தச் சமயத்தில் தெருவில் ஹாரன் அடித்தது. இருபத்து நான்கு மடங்கு பெரிய ஹாரன். இவருடைய காருக்கு எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

தலைமை எழுத்தர் இரண்டு கைகளையும் விரித்து நிலைப்படியை மறித்துக்கொண்டார். ஒருநாளும் ஒரு வாசலிலும் மறியல் செய்யாத மனிதர், முதன்முதலாக மறியலில் இறங்கினார். அதுவும் மைத்துனி படுப்பதற்கு எதிராக.

"கீழ போய்ச் சொல்லு. ரூம் இல்ல. லாட்ஜ்ல தங்கிக்கட்டும்."

"என் தங்கச்சியவா?"

"என் காரை நான் பலி கொடுக்க முடியாது."

"ஒரு வாரம் கதவைத் திறக்கவே கூடாதா?"

"கூடாது. துணி விரிச்சா தூசி. பெட்டியைத் திறந்தா தூசி. உன் தங்கச்சி இருமினா கேக்கவே வேணாம்."

"அவங்க இருக்குறது பிரச்சினை இல்ல. தூசி விழாம இருந்தா போதும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்!" அவர் குரல் மேடையேறியது. "எனக்கு யார்மேலயும் விரோதம் கிடையாது. தூசி விழாம இருக்க ஒரே ஒரு வழி சொல்லு. இந்த நிமிஷமே அறையைக் காலி பண்ணிக் கொடுக்குறேன். நான் பேச்சு மாறாதவன்."

வழி கிடையாது என்ற தைரியத்தில் கொடுக்கப்படுகிற வாக்குறுதிகள் எப்போதுமே இப்படித்தான் கம்பீரமாக இருக்கும். நிர்வாகங்கள் கொடுத்து நாம் கேட்டிருக்கிறோம்.

மனைவி குளியலறைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. துணி அலசுகிற நீலத் தொட்டி. கழுவி, துடைத்து, பளிச்சென்று இருந்தது, கழுவியதும் அவர்தான். விரித்த கைக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தாள். கார் நின்ற பலகைமேல் இரண்டு பென்சில்களைக் கிடத்தினாள். தொட்டியைக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்காரவைத்தாள். கார் காணாமல் போயிற்று.

"காயறதுக்குக் காத்து வேணும்ல? அதுக்குத்தான் பென்சில்" என்றாள்.

பலகையோடு அலுங்காமல் தூக்கினாள். அலமாரியின் உச்சியில் வைத்தாள். அங்கேயும் தூசி இல்லை. முந்தாநாள்தான் அவர் துடைத்திருந்தார்.

கட்டில் காலியாக இருந்தது. அவர் தட்டிய மெத்தை புசுபுசுவென்று கிடந்தது. அவள் அதன்மேல் புது விரிப்பை உதறி விரித்தாள். ஜன்னலை விரியத் திறந்தாள். அவர் துவைத்த திரைச்சீலை காற்றில் ஆடியது. அவர் இன்னும் கைகளை விரித்தபடியே, யாரும் இல்லாத வாசலை மறித்துக்கொண்டிருந்தார்.

கீழே மறுபடி ஹாரன்.

"போங்க, அவங்க பெட்டியைத் தூக்கிட்டு வாங்க."

அவர் நகரவில்லை. அலமாரி உச்சியிலிருந்த நீலத் தொட்டியையே பார்த்தார்.

"இது... இந்த யோசனை உனக்கு எப்ப வந்துச்சு?"

"நீங்க தூசி தூசின்னு மொத தடவை சொன்னப்பவே."

"அட, அப்பவே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

மனைவி தலையணையைத் தட்டிச் சரியாக வைத்தாள்.

"சொல்லியிருந்தா இத்தனை பெரிய வீட்டை யாருங்க கழுவியிருப்பா?"