நான்கு தலைமுறைத் தலைமைத்துவம்

வட்டகொடை,
வெள்ளிக்கிழமை.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மைத்துனர் நிரஞ்சன் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் சிவசாமி எழுதிக்கொள்வது. முருகன் அருளால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றி விசாரிக்க வேண்டாம். போனில் பேசினால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மருமகள் பிரியந்தி, பல்கலைக்கழகத்தில் மண்ணையும் தண்ணீரையும் பற்றிய முதுமாணிப் படிப்பை முடித்ததிலிருந்து விண்ணப்பம் போடுவதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். ஒரு கம்பனியும் பதில் போடவில்லை. தைப்பொங்கலுக்கு வந்த நீங்கள், "ஏஐ எழுதினா உடனே வேலை, அத்தான்" என்று அவள் போனில் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்கு ரயிலேறிவிட்டீர்கள். அன்றைக்கு உங்களுக்கு வடை கட்டிக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது என்று அவள் அதனிடம் உண்மையைத்தான் சொன்னாள். அது இங்கிலீஷில், "தேயிலைத் துறையில் நான்கு தலைமுறைத் தலைமைத்துவம் கொண்ட குடும்பம்" என்று எழுதிவிட்டது. பிள்ளை களைப்பில் சரியாகப் படிக்காமல் எல்லாக் கம்பனிக்கும் அனுப்பிவிட்டாள்.

கொழும்பில் ஒரு கம்பனி உடனே கூப்பிட்டது. நானும் கூடப் போனேன். வாசலில் நின்ற என்னை "சேர், சேர்" என்று உள்ளே அழைத்து, மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, காலமெல்லாம் தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டிய எனக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி தந்தார்கள். "உங்க எஸ்டேட் எத்தனை ஏக்கர்?" என்று கம்பனிப் பெரியவர் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் போஞ்சிக் கொடி போட்டிருக்கோம், சேர்" என்றேன். பிரியந்தி எழுந்துவிட்டாள். "மன்னிச்சுக்குங்க சேர். எங்களுக்கு எஸ்டேட் இல்ல, லயத்துல ஒரு காம்பரா வீடுதான். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாங்க. அந்த வரிய ஏஐ எழுதிச்சு. படிச்சுப் பார்க்காம அனுப்பினது நான்." அதற்குப் பிறகு யாரும் என்னைச் சேர் என்று சொல்லவில்லை. "அறிவிக்கிறோம்" என்றார்கள். இன்னும் அறிவிக்கவில்லை.

ரயில் கொட்டகலை தாண்டும்வரை பிள்ளை போனில் அந்த விண்ணப்பத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, "அப்பா, மத்த கம்பனிக்கும் இந்தப் பொய்தானே போயிருக்கு?" என்றாள்.

"போனது போகட்டும்மா. எவன் உக்காந்து படிக்கப் போறான்?"

"நானும் படிக்கல. அதான் இப்படி ஆச்சு."

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கம்பனிக்கும் தானே திருத்தம் எழுதி அனுப்பினாள்: இந்த வரி உண்மையல்ல, ஏஐ எழுதியது, உண்மை இதுதான். மச்சான், வேலை கேட்டு எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வசதி செய்து கொடுக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். இப்போது விண்ணப்பத்தைத் தானே எழுதுகிறாள். எழுத்துப்பிழை பார்க்கவும், நேர்முகப் பரீட்சைக்குக் கேள்வி கேட்டுப் பழகவும் மட்டும்தான் ஏஐ. அதையும் விண்ணப்பத்தின் அடியில் குறிப்பிடுகிறாள்! நேற்று அது "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்க, "எங்க அப்பா" என்கிறாள். உங்கள் அக்கா அழகம்மா சிரிக்கிறாள். "புள்ள சரியாத்தானே செய்யுது, நீங்க ஏன் கெடந்து பொலம்புறீங்க?" என்று என்னையே கேட்கிறாள். சரியாகச் செய்து என்ன பயன்? மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிப் படிக்க வைத்தவள் அவள்தான். அந்தப் படிப்பு மூலையில் குந்தியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பிழைக்கத் தெரியாதவளாகப் போய்விட்டாள். ஆகவே, வெள்ளவத்தையில் உங்களுக்குத் தெரிந்த புடவைக் கடையில் பில் போடும் வேலையாவது பேசி முடியுங்கள். அப்படியே வந்து, போனில் ஏற்றியதை இறக்கிவிட்டும் போங்கள்.

தங்கச்சியும் பிள்ளைகளும் நோய்நொடியில்லாமல் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். எங்களுக்காக வேண்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மனம் விட்டுப்போன உங்கள் அத்தான்,
சிவசாமி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நுவரெலியாவில் தண்ணீர் பரிசோதிக்கும் நிறுவனத்து அம்மா ஒருவர் இப்போது பிரியந்திக்குப் போன் எடுத்தார். "வர்ற விண்ணப்பமெல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கு. உங்க திருத்தத்த மட்டும்தான் நாங்க எல்லாரும் படிச்சோம். தண்ணியில என்ன இருக்கோ அத அப்படியே எழுதுற ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார். படிப்பைப் பற்றியும் நிறையக் கேட்டார். முதலில் தற்காலிகமாகத்தான், திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார். பிரியந்தி குழாயடியில் நின்று அழுதாள், நான் அடுப்படியில். புடவைக் கடையை மறந்துவிடுங்கள். போனில் ஏற்றியதும் அப்படியே இருக்கட்டும். இவ்வளவு பக்கம் எழுதியதை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள், பிள்ளை கண்ணில் மட்டும் படக்கூடாது.