ஹஜிமே அண்ணையின் சுத்த ஜேர்மன்

லுசேர்ண் நகரில் எங்கள் ஐந்து பேருக்கு ஜேர்மன் படிப்பித்த ஹஜிமே அண்ணைக்கு ஜேர்மனில் ஒரு சொல்கூடத் தெரியாது. இந்த உண்மை எங்களுக்குத் தெரியவர எட்டு மாதம் பிடித்தது. அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியாததைப் படிப்பித்த வாத்திமார் உலகத்தில் ஏராளம். ஆனால் தனக்குத் தெரியாது என்பதே தெரியாமல், அத்தனை அன்போடும் கண்டிப்போடும் படிப்பித்தவர் இவர் ஒருவர்தான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்வேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த நாங்கள், அவரோடு சேர்த்து ஆறு பேரும், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். ஏரிக்கரை ஹோட்டல்களில் கோப்பை கழுவுவது தொழில். காலையில் ஏரியிலிருந்து மூடுபனிப் புகார் எழும்பி எங்கள் யன்னல் மட்டும் வந்து நிற்கும். அந்தக் காலத்தை நினைத்தால் நடந்ததெல்லாம் அந்தப் புகாருக்குள் நடந்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குள்ளிருந்து அரைக்கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் நடந்து வருவார். உயரம் இல்லை, சதை இல்லை, வயது முப்பத்தைந்து இருக்கும். எதிரே வருகிற மனிதர், நாய், தபால்பெட்டி எல்லாவற்றுக்கும் இடுப்பை வளைத்துக் கும்பிடுவார். அவர்தான் ஹஜிமே அண்ணை.

கதை தொடங்கியது ஒரு தவறான கதவில். அகதிகள் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணி, செவ்வாய்க்கிழமை மாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவச ஜேர்மன் வகுப்பு நடக்கிறது என்று கையாலும் கண்ணாலும் அவருக்கு விளங்கப்படுத்தினாராம். வகுப்பு மேல்மாடியில். அண்ணை கனவு காண்கிறவர், படியைக் கண்டால் இறங்கிவிடுவார். கீழே உடற்பயிற்சி மண்டபத்தில் வெள்ளை உடுப்போடு இருபது பேர் வரிசையில் முழங்காலில் இருந்தார்கள். முன்னால் பெரிய மீசையோடு வாத்தியார் ஒருவர். அவர் ஒரு சொல் சொல்ல எல்லாரும் குனிந்தார்கள். இன்னொன்று சொல்ல ஆளையாள் தூக்கி எறிந்தார்கள். அண்ணை சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டார்.

"சுவிஸ்காரன் கெட்டிக்காரன்" என்று வந்து எங்களுக்குச் சொன்னார். "மொழியைப் புத்தகத்தில படிப்பிக்கிறதில்லை. உடம்பில படிப்பிக்கிறான். ஒருக்கா விழுந்தால் அந்தச் சொல்லு மறக்காது."

அது ஜூடோ வகுப்பு. மீசைக்கார வாத்தியார் பகலில் தபால்காரர். சொற்கள் எல்லாம் ஜப்பானியச் சொற்கள்.

அவற்றை அண்ணை கொப்பியில் தமிழெழுத்தில் எழுதி வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். ஹஜிமே என்றால் தொடங்கு. மத்தே என்றால் நிறுத்து. ஹாய் என்றால் ஓம், ஆமாம். ரெய் என்றால் கும்பிடு. இச்சி, நி, சான் என்றால் ஒண்டு, ரெண்டு, மூண்டு. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அவர் "ஹஜிமே" என்று சொன்னால்தான் நாங்கள் கை வைக்கலாம். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஹோட்டல் குசினியில் பெரிய சமையல்காரர் போடுகிற சத்தத்தில் இந்தச் சொல் ஒன்றும் இல்லையே என்று நான் ஒருமுறை சந்தேகம் கேட்டேன். அதற்கு அவரிடம் மறுமொழி தயாராக இருந்தது. "தம்பி, அவன் கதைக்கிறது சுவிஸ் ஜேர்மன். பேச்சு வழக்கு. நான் படிக்கிறது சுத்த ஜேர்மன். எங்கட ஊர்ப் பேச்சும் புத்தகத் தமிழும் ஒண்டோ?" இந்த நாட்டில் பேச்சு வேறு எழுத்து வேறு என்பது உண்மைதான். பொய்க்கு ஒரு உண்மை முட்டுக் கொடுத்தால் அது எட்டு மாதம் என்ன, எண்பது வருடமும் நிற்கும்.

சுத்த ஜேர்மன் வேலை செய்யவும் செய்தது. பஸ்ஸில் ஒருநாள் இறங்குமிடம் தாண்டப் போகிறது என்று பதறி நான் "மத்தே" என்று கத்தினேன். சாரதி வெலவெலத்துப் போய் பிரேக்கை அழுத்தினார். அன்றோடு அண்ணையின் பாடத்தில் என் நம்பிக்கை இரட்டித்தது. வெளிநாட்டவர் பொலிஸில் விசா புதுப்பிக்கப் போனபோது, அதிகாரி என் பெயரைக் காட்டி ஏதோ கேட்க, "ஹாய்" என்றேன். இந்த ஊரில் நெருங்கிய கூட்டாளிமார் சந்தித்தால் "ஹொய்" என்று சொல்லிக்கொள்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மனுசன் ஒரு கணம் யோசித்துவிட்டு "ஹொய்" என்றார். அடுத்த கேள்விக்கும் நான் "ஹாய்." அவரும் "ஹொய்." ஐந்தாவது ஹொய்யோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழும்பி ரெய் செய்தேன். அவரும் பாதி எழும்பி ரெய் செய்தார். தூரத்துச் சொந்தக்காரரை வழியனுப்புவதுபோல வாசல் மட்டும் வந்து என் கையைக் குலுக்கி அனுப்பினார்.

குட்டு உடைந்தது ஒரு வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமை. ஏரிப்பக்கம் இருக்கிற பழைய மரப்பாலத்தில் அண்ணையும் நானும் அன்னங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுற்றுலா வந்த ஜப்பான்காரர் கூட்டம் ஒன்று பாலத்தில் ஏறியது. முன்னால் கொடி பிடித்து வந்த பெண் திரும்பி நின்று தன் ஆட்களை எண்ணினாள். "இச்சி, நி, சான், ஷி, கோ..."

நான் பிரமித்துப் போனேன். "பாத்தியளோ அண்ணை, நேற்று வந்த ஜப்பான் சனமே சுத்த ஜேர்மன் கதைக்குது."

கொடிக்காரி இருபத்துமூன்று மட்டும் எண்ணி முடித்தாள். கூட்டத்தில் ஒரு கிழவர் அவளுக்கு "ஹாய்" என்றார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் பச்சையாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் எட்டு மாதமா எங்க போய் வாறன், தம்பி?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது, சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

வீட்டில் மற்ற நான்கு பேரும் அவரைச் சும்மா விடவில்லை. பகிடி ஒரு கிழமை ஓடியது. ஒருவன், இனி டோக்கியோவுக்கு அகதி விண்ணப்பம் போடுவோம் என்றான். அண்ணை கொப்பியைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை வந்ததும் வெள்ளை உடுப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். இனி அங்கே என்னத்துக்கு என்று கேட்டேன்.

"ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில இருந்து நித்திரை கொண்டால் ஒரே கனவு, தம்பி. உயரத்தில இருந்து விழுறன். நிலம் வாறேல்லை. இப்ப நிலம் வருது. கையை அடிச்சு, உருண்டு, எழும்பிறன். அதோட, அங்க என்னை விழுத்தினவன் கை தந்து எழுப்பிப்போட்டுக் கும்பிடுறான். வேற எங்க அப்பிடி நடந்தது எனக்கு?"

அதன்பிறகு அவர் விழுந்த விழுகைகளுக்குக் கணக்கில்லை. பனிக்காலத்தில் ஏரிக்கரைப் புல்வெளியில் புதுப்பனி கொட்டியிருந்தால் வேலைக்குப் போகிற வழியில் முதுகு அடிபட விழுந்து, எழும்பி, பனியில் பதிந்த தன் உருவத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். கட்டிலிலிருந்து இறங்க மாட்டார், உருளுவார். காலைத் தேத்தண்ணிக்கு வரும்போது, "இண்டைக்குக் கனவில நல்ல விழுகை" என்று நிறைவாகச் சொல்லுவார். ஒருநாள் ஹோட்டல் குசினியில், கையில் நாற்பது கோப்பைகளோடு எண்ணெயில் வழுக்கினார். தோளைக் கொடுத்து ஒரு பூப்போல உருண்டு எழும்பி நின்று, பெரிய சமையல்காரருக்கு ரெய் செய்தார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. கோப்பைகளுக்கு ஜூடோ தெரியாததால் ஒன்றும் மிஞ்சவில்லை.

மஞ்சள் பட்டி, பச்சைப் பட்டி, நீலம், மண்ணிறம் என்று இடுப்பில் நிறம் மாறிக்கொண்டு போனது. ஐந்தாம் வருடம் கறுப்புப் பட்டியோடு வந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. பகிடி பண்ணினவர்களே முன்னின்று சமைத்தார்கள். ஜேர்மனும் இதற்கிடையில் வந்துவிட்டது. பிந்தியென்றாலும் அவர் மேல்மாடி வகுப்புக்கும் ஏறினார்.

யானைக்கும் அடி சறுக்கும். அந்தப் பனிக்காலத்தில் விழப் படிப்பித்த தபால்காரரே மொப்பெட்டோடு பனிக்கட்டியில் சறுக்கிக் கால் முறித்துக்கொண்டார். கையில் மற்றவர்களுடைய கடிதப் பை இருந்தது, அதை விட்டுவிட்டு முறைப்படி விழ மனம் வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னாராம். புதன்கிழமை பின்னேரம் பிள்ளைகளுக்கு அவர் எடுத்து வந்த வகுப்பு நின்றுபோகும் நிலை. புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளைகளுக்கு நேரம் இருந்தது, பெரியவர்கள் ஒருவருக்கும் இல்லை. எங்கள் ஆளுக்கு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஹோட்டல் வேலையாட்களுக்குச் சிம்மர்ஸ்டுண்ட என்று ஓர் ஓய்வு உண்டு. மற்றவர்கள் படுப்பார்கள். அண்ணை பிள்ளைகளை விழுத்தப் போனார்.

ஆனால் பயிற்சியாளர் என்று பதிவாக வேண்டுமானால் ஒரு சோதனை. வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்து அவர் வகுப்பு எடுப்பதைப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் வகுப்பு மூடப்படும். பன்னிரண்டு பிள்ளைகள். அவரை "ஹெர் ஹஜிமே" என்று கூப்பிட்டு, போகும்போது கழுத்தில் தொங்கிவிட்டுப் போகிற பிள்ளைகள். சோதனைக்கு முதல் நாள் பின்னேரம் அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "திரும்பவும் அந்தக் கனவு. நிலம் வாறேல்லை" என்றார். என்னையும் கூட வரச் சொன்னார்.

போனேன். சுவரோர மர வாங்கில் ஊன்றுகோலோடு தபால்காரர் இருந்தார். பக்கத்தில் நான். மேசைக்குப் பின்னால் இரண்டு பரிசோதகர்கள், ஆளுக்கொரு தாள். பிள்ளைகள் குனிந்தார்கள், ஓடினார்கள், உருண்டார்கள். எல்லாம் திறம். பிறகு மூத்த பரிசோதகர் ஆகச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டார். முன்பல் இல்லாத ஒரு பெட்டை, ஏழு வயது இருக்கும். ஜப்பான் மொழியில் பத்து மட்டும் எண்ணிக் கொடு, மற்றவர்கள் அதற்கு விழட்டும் என்றார். அவள் நெஞ்சை நிமிர்த்தி, முழுக்குரலில் தொடங்கினாள்.

"ஒண்டு. ரெண்டு. மூண்டு. நாலு."

அண்ணையைப் பார்த்தேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பாலத்துக்குப் பிறகு இச்சி, நி என்று சத்தமாகச் சொல்ல அவருக்கு வாய் கூசும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளோடு மெய்மறந்து நிற்கிற நேரத்தில் வாய் தன்பாட்டில் வீட்டு மொழிக்குப் போயிருக்கிறது. அதுகள் அதையே ஜப்பான் மொழி என்று பிடித்துக்கொண்டன. "அஞ்சு. ஆறு. ஏழு." ஒவ்வொரு சொல்லுக்கும் பதினொரு முதுகுகள் ஒன்றாகப் பாயில் விழுந்தன, பதினொரு கைகள் ஒன்றாக அடித்தன. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் தமிழுக்கு விழுந்துகொண்டிருந்தார்கள். எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

பரிசோதகர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இது என்ன ஜப்பான் மொழி என்று மூத்தவர் கேட்டார். தபால்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "பேச்சு வழக்கு" என்றார். சுவிஸ்காரருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. ஆளுக்கொரு பள்ளத்தாக்கு, ஆளுக்கொரு பேச்சு. இரண்டு பேரும் தலையாட்டி எழுதத் தொடங்கினார்கள். தப்பினோம் என்று நான் மூச்சு விட்டேன்.

அண்ணை விடவில்லை. பிள்ளைகள் உடுப்பு மாற்றப் போனதும் மேசைக்கு முன்னால் போய் நின்றார். அது ஜப்பான் மொழி இல்லை, தமிழ், என்னுடைய மொழி, பிழை என்னுடையது, பிள்ளைகளுடையது இல்லை என்று திக்கித் திக்கி, ஆனால் உண்மையான ஜேர்மனில் சொன்னார். என் காதால் நான் கேட்ட அவருடைய முதல் சுத்த ஜேர்மன் அதுதான். மூத்தவர் பேனாவை மூடினார். ஒரு பிள்ளையின் தலைகூடப் பாயில் முட்டவில்லை, அதைத்தான் பார்க்க வந்தோம் என்றார். பிறகு எழும்பி நின்று அண்ணைக்குக் குனிந்தார். அண்ணை குனிந்தவர் நிமிர நேரம் எடுத்தது. தோள் குலுங்கியதை நான் கண்டேன், தபால்காரரும் கண்டார், இரண்டு பேரும் யன்னலைப் பார்த்தோம்.

அடுத்த கிழமையே அவர் பிள்ளைகளுக்குச் சரியான எண்களைப் படிப்பித்தார். ஆனால் முதலில் படித்ததுதான் அசல் ஜப்பான், இது ஏதோ புதுசு என்று அதுகள் முடிவு கட்டிவிட்டன. அவரும் எத்தனை தரம் சொல்லுவார்? முதல் வாத்தியாரின் பிழையை லேசில் கழற்ற முடியாது. எனக்கும் இன்றுவரை அவசரத்தில் பஸ்ஸைக் கண்டால் வாயில் மத்தேதான் வரும்.

நாங்கள் ஆறு பேரும் ஆறு பக்கம் போய்விட்டோம். அண்ணை இப்போது ஊஸ்டரில். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று தொலைபேசியில் சொன்னார், புதன்கிழமை வகுப்பு மட்டும் இன்னும் இருக்கிறதாம்.

போன மாதம் ஓல்டன் ரயில் நிலையத்தில் வண்டி மாறுவதற்காகப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சுவிஸ் பெண், நாற்பது தாண்டியிருக்கும், தன் சின்ன மகனின் கையைப் பிடித்துப் படி படியாகக் குதிக்க வைத்துக்கொண்டு போனாள். பையன் ஒவ்வொரு படிக்கும் எண்ணினான். "ஒண்டு. ரெண்டு. மூண்டு." அடுத்தது வரவில்லை. காலைத் தூக்கியபடி யோசித்தான்.

"நாலு" என்றேன்.

பையன் குதித்தான். அந்தப் பெண் திரும்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்து, உங்களுக்கும் ஜப்பான் மொழி தெரியுமா என்று கேட்டாள்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். மரப்பாலம், கொடிக்காரி, நாற்பது கோப்பைகள், பனியில் பதிந்த ஒரு மனிதரின் உருவம், எல்லாம் வாய் மட்டும் வந்தன. படியில் நின்றபடி இடுப்பை வளைத்து அவளைக் கும்பிட்டேன்.

"ஹாய்" என்றேன்.